நாலாவது படத்தில் இருந்த ராக்காயி

ராக்காயி யாரையும் எடுத்த எடுப்பில் நம்புகிறவள் இல்லை. பால்மா வாங்கினால் பக்கெட்டில் இருக்கும் திகதியைத் தான் பார்த்தது போதாமல் பக்கத்தில் நிற்பவரையும் பார்க்கச் சொல்வாள். கோயிலில் திருநீறு வாங்கினால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நெற்றியில் இடுவாள். “சாமியே நேர்ல வந்து நின்னாலும் நீ அடையாள அட்டையக் காட்டுன்னுதான் கேப்ப” என்று அவளுடைய புருஷன் இராமையா சொல்லிச் சிரிப்பார். கேட்டால் என்ன குறைந்துவிடும் என்பது ராக்காயியின் கட்சி.

அப்படிப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை, கிராம சேவகரிடம் கொடுப்பதற்குத் தன் அடையாள அட்டையைப் போட்டோக் கொப்பி எடுக்கப் பொகவந்தலாவைக் கடைவீதிக்கு இறங்கினாள். பஸ்மிலாவின் கடையில் மெஷின் வேறொரு வேலையில் மும்முரமாக இருந்தது. பளபளப்பான தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தது. காத்திருக்கிற நேரத்துக்கு ராக்காயி அதில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். நான்கு படங்கள். கோட்டுப் போட்ட ஒருவர், மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர், தொப்பி போட்ட ஒருவர். நாலாவது படத்தில் அவளே இருந்தாள்.

“இது என்னா தங்கச்சி, எம் மூஞ்சி இதுல கெடக்கு?”

“உங்களுக்குத் தெரியாதா ராக்காயிம்மா? ஜெயகாந்தன்ட கொம்பனிப் பேப்பர்தானே” என்றாள் பஸ்மிலா. “அடுத்த வாரம் சனிக்கிழமை ஹட்டன்ல பெரிய கூட்டமாம். கொழும்புல இருந்து அவன்ட ரத்தம் பாக்குற மெஷின வாங்குற ஆக்கள் வாறாங்களாம். கொம்பனிக்கு ஆலோசனை சொல்ற நாலு பேர்ட விவரம், அவங்களுக்குக் குடுக்கத்தான்.”

தாள் முழுக்க இங்கிலீஷ். பஸ்மிலா விரலை வைத்து வாசித்துச் சொன்னாள். முதல் படம் பேராசிரியர் செல்வரத்தினம், இரத்த நோய் வைத்தியர், லண்டனில் முப்பத்தொரு வருஷம். இரண்டாவது லக்ஸ்மன், மருத்துவக் கருவிகளைப் பரிசோதித்து அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது ஹட்டன் இக்ராம் ஹாஜியார், மருந்து விநியோகத்தில் இருபத்தெட்டு வருஷம்.

“நான் என்னாவாம்?”

“சிரேஷ்ட தாதி உத்தியோகத்தர். மலையக சுகாதாரத் துறையில இருபத்தேழு வருஷ அனுபவம்.”

“தாதின்னா?”

“நர்ஸ், ராக்காயிம்மா. அதுவும் பெரிய நர்ஸ்!”

வேறொருத்தியாக இருந்தால் இன்னொரு தாளை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பாள். ராக்காயி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் ஒரு நாளும் நர்ஸாக இருந்ததில்லை. தன்னைப் பற்றி எழுதியிருப்பது அப்பட்டமான பொய் என்றால் மற்ற மூன்று பேரைப் பற்றி எழுதியதை யார் கண்டது? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். தாளை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, வந்த வேலையையும் மறந்து பஸ் ஏறினாள்.

அவளுடைய உண்மையான உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதில் கூடை தூக்கி ஒன்பது வருஷம் கொழுந்து கிள்ளினாள். ஒரு மழை நாளில் தேயிலை மலையில் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து முழங்கால் போய்விட்டது. மலை ஏற முடியாதவளைத் தோட்டத்துத் துரை டிஸ்பென்சரிக்கு அனுப்பினார். அங்கே கூட்டினாள், துடைத்தாள், ஊசிகளைக் கொதிக்க வைத்தாள், காய்ச்சல்காரர்களின் தலையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தேழு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். வருகிற பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாள். உள்ளே சிவப்பாக இருந்தால் விட்டுவிடுவாள். வெளுத்திருந்தால், “இவளுக்கு ரத்தமில்லீங்கய்யா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க” என்பாள். அந்த விஷயத்தில் அவள் கண் தப்பியதில்லை என்று தோட்டத்தில் பேர் இருந்தது.

சந்தேகமும் அங்கேதான் அவளுக்குப் பிடித்தது. டிஸ்பென்சரியில் மருந்துக்காரர் ஐயாவின் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சான்றிதழ் தொங்கியது. பதினான்கு வருஷம் தினமும் காலையில் ராக்காயி அந்தக் கண்ணாடியைப் பழைய பேப்பரால் துடைத்தாள், பக்தியோடுதான் துடைத்தாள். ஐயா மாரடைப்பில் போன பிறகு வந்த ஒரு பரிசோதகர் அதைக் கழற்றிப் பார்த்தார். சான்றிதழ் ஐயாவுடையது இல்லை, செத்துப்போன அவருடைய அண்ணனுடையது. அவர் கொடுத்த மருந்தில் யாரும் சாகவில்லையே என்று தோட்டம் சொல்லித் தேற்றிக்கொண்டது. செத்தவர்களை யார் எண்ணிப் பார்த்தது என்று ராக்காயி கேட்டாள்.

அதனால்தான் ஜெயகாந்தன் முதன்முதலில் தன் மெஷினைக் கொண்டுவந்தபோதும் அவள் லேசில் அசையவில்லை. அவன் அவளுடைய லயத்து வீட்டு வரிசையிலேயே ஐந்து கதவு தள்ளிப் பிறந்தவன். கொழும்பில் எஞ்சினியருக்குப் படித்து, இரண்டு கூட்டாளிகளோடு ‘துளி’ என்று ஒரு கொம்பனி தொடங்கியிருந்தான். மெஷின் என்னவோ துணி காயப்போடும் கிளிப் அளவுதான். ஆள்காட்டி விரலில் மாட்டினால் சிவப்பாக வெளிச்சம் எரியும், இரத்தத்தின் அளவு எண்ணாக வரும்.

“ஊசி குத்த வேணாம், ஒரு துளி ரத்தம் எடுக்க வேணாம் பெரியம்மா” என்றான். “வெளிச்சம் வெரலுக்குள்ள போகுது. உள்ள எவ்வளவு இருட்டா இருக்கோ அவ்வளவு ரத்தம் இருக்குன்னு அர்த்தம்.”

“வெரல் பொய் சொல்லாதா?”

“வெரல் எங்க பெரியம்மா பொய் சொல்லப் போகுது!”

மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறுபது பெண்களை வைத்துப் பரீட்சித்தார்கள். ஒவ்வொருத்திக்கும் மெஷினையும் மாட்டினார்கள், கையில் ஊசி போட்டு இரத்தமும் எடுத்தார்கள். முதலில் எல்லாரும் வர மாட்டோம் என்றார்கள். ராக்காயிதான் லயம் லயமாகப் போய்ச் சொல்லிக் கூட்டி வந்தாள். பாதிப் பேருக்கு இரத்தம் குறைவு. மெஷின் சொன்னதும் ஊசி சொன்னதும் அச்சாக ஒத்துப்போயின. ராக்காயி தானே இமையை இழுத்துப் பார்த்துச் சரி என்றாள். ஜெயகாந்தன் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்தான். அந்தப் படம்தான் இப்போது தாளில் கிடக்கிறது.

அன்றைக்கு மெஷினை நம்பினாள். இன்றைக்குத் தாளைப் பார்த்ததும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. தன்னுடைய முகத்தை வைத்துத்தான் தோட்டத்துப் பெண்கள் விரலை நீட்டினார்கள். பின்னால் நிற்பவர்கள் போலிகள் என்றால், நாளைக்கு ஒருத்திக்கு ஏதாவது ஆனால், காறித் துப்புவது இந்த முகத்தில்தான்.

முதலில் இக்ராம் ஹாஜியாரைப் பிடித்தாள். அவரை அவளுக்குத் தெரியும். இளந்தாரியாக இருந்த காலத்தில் ஹட்டன் பஸ் நிலையத்தில் பிளாஸ்டிக் வாளி விற்றவர். வாளி விற்றவர் எப்போது மருந்து விற்றார்? வியாழக்கிழமை பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய், அவருடைய கடையில் ஒரு தைல போத்தலை எடுத்து மூடியைத் திறந்து மணந்து பார்த்தபடி மெல்லத் தூண்டில் போட்டாள்.

“மொதலாளி முன்ன வாளிதானே வித்தீங்க?”

ஹாஜியார் சிரித்தார். “வாளியும் வித்தேன், விளக்குமாறும் வித்தேன். பொறகுதான் தோட்டத்து டிஸ்பென்சரிகளுக்கு மருந்து கொண்டு போனது. மறந்துட்டீங்களா? உங்கட டிஸ்பென்சரிக்கும் நான்தானே சைக்கிள்ல கொண்டாந்தது.” அலுமாரியைத் திறந்து பழுப்பேறிய ஒரு கொப்பியை எடுத்துத் தூசு தட்டி விரித்தார். மருந்துப் பெட்டி பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக, கோணல் மாணலாக, ராக்காயி என்று அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒரு தடவை இல்லை, பக்கம் பக்கமாக.

ஹாஜியார் கொப்பியை மூடினார்.

“அது சரி, பேப்பரைப் பார்த்தேன். நீங்க எப்ப நர்ஸானது? எனக்குத் தெரியாமப் போச்சே” என்றார். குத்திக் காட்டும் குரலில் இல்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் அவளுக்குச் செவிட்டில் அறைந்ததுபோல் இருந்தது. தைலத்தை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

லக்ஸ்மனைப் பஸ்மிலா தன் போனில் தேடிக் காட்டினாள். பத்து வருஷத்துக்கு முந்திய பத்திரிகையில் அவர் படமும் பதவியும் இருந்தன. தரக்குறைவான ஊசிகளைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பியதற்காகப் பாராட்டி எழுதியிருந்தார்கள். பேராசிரியர் செல்வரத்தினத்தின் பெயரைத் தட்டியதும் இன்னும் நிறைய வந்தது. “போன்ல போட்டவனும் மனுஷந்தானே” என்று சொல்லிப் பார்த்தாள் ராக்காயி. ஆனாலும் அவளுக்கே தெரிந்துவிட்டது. விசாரித்த அளவில் அந்த மூன்று பேரும் சொன்ன இடத்தில் சொன்ன வேலையைச் செய்தவர்கள். தாளில் பொய்யாக இருந்தது நாலாவது வரி ஒன்றுதான்.

சந்தேகம் அதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அடுத்த திங்கட்கிழமை வேறொரு வழியாக வந்தது.

கூட்டத்துக்கு முன்னால் கீழ்ப்பிரிவுப் பெண்கள் எல்லாரையும் மெஷினில் பார்த்துவிட வேண்டும் என்று ஜெயகாந்தன் முடிவெடுத்திருந்தான். நல்ல அளவு வந்தவர்களுக்கு இனி ஊசி இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காத்துக் கிடக்கிற தொல்லையும் இல்லை என்று ஏற்பாடு. மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்திலேயே மேசை போட்டான். பெண்கள் கூடையை இறக்கிய கையோடு விரலை நீட்டினார்கள். ராக்காயியை நர்ஸ் மாதிரி வெள்ளைச் சேலை கட்டி வரச் சொல்லியிருந்தான். அவள் வேண்டுமென்றே கத்திரிப்பூ நிறத்தில் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

நூற்றுப் பதினெட்டுப் பேரைப் பார்த்தார்கள். நூற்றுப் பத்துப் பேருக்கு நல்ல இரத்தம் என்றது மெஷின்.

“இது எப்படிப்பா?” என்றாள் ராக்காயி. “மூணு மாசத்துக்கு முந்திப் பாதிப் பேருக்கு இல்லாத ரத்தம் எங்கருந்து வந்துச்சு?”

“நடுவுல சத்து மாத்திரை குடுத்தோம்ல பெரியம்மா. அது வேல செஞ்சிருக்கு!” ஜெயகாந்தனுக்கு முகமெல்லாம் பல்.

மாத்திரையைப் பாதிப் பேர் அடுப்புச் சாம்பலில் போட்டது ராக்காயிக்குத் தெரியும். இருபத்தேழு வருஷத்தில் இந்தத் தோட்டத்தில் இத்தனை பெண்களுக்கு இரத்தம் இருந்து அவள் கண்டதில்லை. ஆனால் மெஷின் சொல்கிறது, லண்டன் பேராசிரியர் பின்னால் நிற்கிறார், அவரும் போலி இல்லை என்று அவளே விசாரித்து வந்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய மருமகள் லெட்சுமிக்கும் பன்னிரண்டு புள்ளி ஒன்று, நல்ல இரத்தம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

புதன்கிழமை பின்னேரம் லெட்சுமியை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். மேட்டு மலையில் தலைசுற்றிக் கூடையோடு உருண்டு கானுக்குள் விழுந்திருந்தாள். கீழே இருந்த பாறைக்கும் தலைக்கும் ஒரு முழம்தான் இடைவெளி என்றார்கள். இரண்டு வயதுப் பிள்ளை அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதது. புருஷன்காரன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. ராக்காயி அவளை வீட்டு முன்புறத்து இஸ்தோப்பில், வெளிச்சம் விழும் பக்கமாக உட்கார வைத்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். கழுவிப்போட்ட துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது.

“எத்தன நாளாடி இப்படி?”

“ரொம்ப நாளா தலசுத்தல்தான் அத்த. மெஷின்லதான் நல்ல ரத்தம்னு வந்துச்சே. எனக்கு வேற ஏதோன்னு நெனச்சேன்.”

மற்றப் பெண்களுக்குக் காட்டுவதற்காக ஜெயகாந்தன் ஒரு மெஷினை ராக்காயியிடம் கொடுத்து வைத்திருந்தான். எடுத்து வந்து ஆள்காட்டி விரலில் மாட்டினாள். பன்னிரண்டு. ஒரு ஆள் வாய்ச்சொல்லை நம்பாதவள் ஒரு விரல் சொன்னதை மட்டும் நம்பிவிடுவாளா? ஒவ்வொரு விரலாக விசாரணையைத் தொடங்கினாள். கட்டைவிரல், பன்னிரண்டரை. நடுவிரல், பதினொன்றே முக்கால். மோதிர விரல், எட்டு. சுண்டுவிரல், ஆறு புள்ளி ஒன்பது. மற்றக் கையிலும் அதே கதைதான்.

லெட்சுமியின் கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். கொழுந்து கிள்ளுவது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான். தேயிலைப் பால் ஊறி ஊறி, நகமும் நுனியும் கறுத்து, அந்தக் கறை தோலாகவே ஆகிப்போயிருந்தது. சுண்டுவிரல் சின்னப் பிள்ளையின் விரல்போலச் சுத்தமாக இருந்தது. உள்ளே எவ்வளவு இருட்டோ அவ்வளவு இரத்தம் என்று ஜெயகாந்தன் சொன்னது நினைவுக்கு வந்தது. மெஷின் தேயிலைக் கறையை இரத்தம் என்று எண்ணிக்கொண்டிருந்தது.

உடனே ஒரு தேசிக்காயை வெட்டி, அந்த அரை எலுமிச்சையால் லெட்சுமியின் ஆள்காட்டி விரலைத் தோல் சிவக்கும் வரை தேய்த்துக் கழுவினாள். மறுபடியும் மாட்டினாள். ஏழு.

தேசிக்காய் வாசனை மூக்கில் ஏறியபோதுதான் அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அன்று அறுபது பெண்களும் சுத்தமான கையோடுதான் வந்தார்கள். அவளே லயம் லயமாகப் போய்க் கட்டளை போட்டிருந்தாள்: “பெரிய டாக்டர்மாருங்க வராங்க. கறக் கையோட வந்து தோட்டத்து மானத்த வாங்காதீங்க. தேசிக்கா போட்டு நல்லாத் தேச்சிட்டு வாங்க!” கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் போகுமுன் இந்தத் தோட்டத்துப் பெண்கள் செய்கிற வேலைதான். வேலை நாளில் எவள் தேசிக்காய் தேய்ப்பாள்? மெஷினை ஏமாற்றியது ஊரில் இருந்த போலி யாரும் இல்லை. வெட்கத்துக்குப் பயந்து ராக்காயிதான் ஏமாற்றியிருந்தாள். இஸ்தோப்பில் உட்கார்ந்து, பிள்ளை பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் அழுதாள்.

மறுநாள் காலை லெட்சுமியைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊசி போட்டு எடுத்த இரத்தம் ஆறு புள்ளி எட்டு என்றது. இரண்டு பை இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். இராமையாவைக் கட்டிலடியில் விட்டுவிட்டு ராக்காயி நேரே ஜெயகாந்தனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முகம் இருண்டது. மெஷினைத் தன் விரலில் மாட்டிப் பார்த்தான், கழற்றினான், மறுபடி மாட்டினான்.

“திருத்திரலாம் பெரியம்மா. ஒரு மாசம் குடுத்தா கறைக்கும் சேத்துக் கணக்குப் போட வச்சிருவேன். ஆனா சனிக்கிழம கூட்டத்துல பேசிறாதீங்க. அவங்க வாங்க மாட்டேன்னு போயிட்டா கொம்பனியே இருக்காது.”

“அந்த ஒரு மாசத்துல எத்தன பேரு கான்ல விழுவாளுங்க? நூத்திப் பத்துப் பேருக்கு நல்ல ரத்தம்னு எழுதிக் குடுத்திருக்க!”

அவன் மெஷினைக் கழற்றி மேசையில் வைத்தான்.

“என்னைய எதுக்குடா நர்ஸுன்னு போட்ட?”

“மத்த மூணு பேருக்கும் பட்டம் பதவி இருக்கு. உங்க பேருக்குப் பக்கத்துல மட்டும் சும்மா விட முடியுமா? டிஸ்பென்சரி கூட்டுனவங்கன்னு போட்டா யாரு மதிப்பா?” என்றான். சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டான். அவன் கெட்டவன் இல்லை என்று ராக்காயிக்குத் தெரியும். கெட்டவன் இல்லாதவனும் பொய்ப் பட்டம் மாட்டுவான் என்பது அந்தக் கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்த கைக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் காலையில் அவள் லெட்சுமியின் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். கெட்ட முழங்காலோடு, கூடை தூக்குவதை விட்டு இருபத்தேழு வருஷத்துக்கு மேல் ஆனவள் எதற்கு இந்தக் கூத்து ஆடுகிறாள் என்று கங்காணி கேட்டான். “சோதனைக்குப்பா” என்று மட்டும் சொன்னாள். விரல் மூன்றும் கறுத்துப் போயின. அதைக் கழுவாமல் ஹட்டன் பஸ் ஏறினாள்.

மண்டபத்தில் மேடையில் நான்கு நாற்காலி. பேராசிரியர், லக்ஸ்மன், ஹாஜியார், அவள். கொழும்பிலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஜெயகாந்தன் பேசினான், படம் காட்டினான், நூற்றுப் பதினெட்டில் நூற்றுப் பத்து என்று எண்ணும் காட்டினான். அவன் கண் அடிக்கடி ராக்காயியின் பக்கம் வந்து போயிற்று. கைதட்டல் ஓய்ந்ததும் ராக்காயி பேராசிரியரின் பக்கம் திரும்பினாள்.

“ஐயா, ஒன்னு கேக்கலாங்களா? நீங்க எப்பவாச்சும் கொழுந்து கிள்ளுற கையப் புடிச்சுப் பாத்திருக்கீங்களா?”

பேராசிரியர் கொஞ்சம் யோசித்தார். “இல்லை அம்மா. ஒரு நாளும் பார்க்கேல்லை.”

“அப்பப் பாருங்க.” மேசையில் இருந்த மெஷினை எடுத்துத் தன் கறுத்த ஆள்காட்டி விரலில் மாட்டினாள். பன்னிரண்டு புள்ளி ஆறு என்று பின்னால் இருந்த பெரிய திரையில் எண் வந்தது. கழற்றிச் சுண்டுவிரலில் மாட்டினாள். ஒன்பது புள்ளி எட்டு. மண்டபத்தில் சலசலப்பு. “மொகத மே கியன்னே?” என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், என்ன சொல்கிறார் இவர் என்று சிங்களத்தில் கேட்டார்.

“ஆனால் முதல் பரீட்சையில எல்லாம் சரியா இருந்ததே? நான்தானே கணக்கைப் பார்த்தனான்” என்றார் பேராசிரியர்.

“அன்னிக்கு எல்லாரும் தேசிக்கா போட்டுக் கையக் கழுவிட்டு வந்தாங்கய்யா. கழுவிட்டு வரச் சொன்னவ நாந்தான்.” ராக்காயி ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தாள். “இதுல நாலு பேரோட வேலய எழுதியிருக்கு. எனக்கு யாரு மேலயும் நம்பிக்க வராது. மூணு பேரையும் விசாரிச்சேன், மூணும் நெசம். நாலாவதுதான் பொய். நான் நர்ஸு இல்லீங்க. ஒம்பது வருஷம் கொழுந்து கிள்ளினேன், இருபத்தேழு வருஷம் டிஸ்பென்சரி கூட்டினேன். எம் மருமக நல்ல ரத்தம்னு சீட்டு வாங்கிட்டு இப்ப ஆஸ்பத்திரில ரத்தம் ஏத்திக்கிட்டுக் கெடக்கா. அந்த நூத்திப் பத்துப் பேரையும் மறுபடி ஊசி போட்டுப் பாருங்க. அது போதும்.”

லக்ஸ்மன் எழுந்து, அந்தச் சீட்டுகள் அத்தனையும் இன்றைக்கே திரும்ப வாங்கப்பட வேண்டும் என்றார். பேராசிரியர் அவள் கையைப் பிடித்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். “இதை நான் கேட்டிருக்க வேணும்” என்று மெதுவாகச் சொன்னார். கொழும்பிலிருந்து வந்தவர்கள் தேநீரும் குடிக்காமல் எழுந்து போனார்கள். ஜெயகாந்தன் திரையின் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான், அவளைப் பார்க்கவே இல்லை.

நூற்றுப் பத்துப் பேரில் நாற்பத்தாறு பேருக்கு இரத்தம் இல்லை என்று ஊசி சொன்னது. ஜெயகாந்தனின் கூட்டாளிகளில் ஒருவன் விலகிப் போனான். இரண்டு மாதம் ஜெயகாந்தன் ராக்காயியின் லயத்துப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. ஒரு நாள் பின்னேரம் கையில் ஒரு தாளோடு இஸ்தோப்பில் வந்து நின்றான். தாள் இந்தத் தடவை தமிழில் இருந்தது. ராக்காயி, கொழுந்து பறிப்பவர், ஒன்பது ஆண்டு. டிஸ்பென்சரி உதவியாளர், இருபத்தேழு ஆண்டு. அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு இராமையாவிடம் கொடுத்து, அவரையும் சத்தமாக வாசிக்கச் சொன்னாள்.

“மெஷினத் திருத்திட்டேன் பெரியம்மா. ஞாயித்துக்கெழம மறுபடி சோதன. பேராசிரியரும் வாராரு. எல்லாரையும் கறக் கையோட வரச் சொல்லுங்க.”

சொன்னாள். லயம் லயமாகப் போய்த் தொண்டை வறளச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்து மண்டப வாசலில் நின்று ஒவ்வொருத்தியின் கையையும் மூக்கருகே பிடித்து மணந்து பார்த்துத்தான் உள்ளே விட்டாள். தேசிக்காய் வாசனை அடித்தவர்களை அப்படியே மலைக்குத் திருப்பினாள். “போ, போய் ஒரு கூட கிள்ளிட்டு வா!” பெண்கள் சிரித்தார்கள், முணுமுணுத்தார்கள், போனார்கள்.

வரிசையின் கடைசியில் லெட்சுமி வந்தாள். உடம்பு தேறி மறுபடி மலைக்குப் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. கன்னத்தில் கொஞ்சம் நிறம் இருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். ராக்காயி இழுத்துப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் சிவந்து, உரித்த கிழங்கு மாதிரி இருந்தது. மணக்கவே தேவையில்லை.

“நீயுமாடி?”

லெட்சுமி தரையைப் பார்த்தாள். “லண்டன் டாக்டர் கையப் புடிச்சுப் பாப்பாருன்னாங்க அத்த. கறையோட எப்படிக் குடுக்குறது?”

ராக்காயி திட்ட வாயெடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். அந்த வெட்கத்தைச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தானே. உள்ளே பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. “கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லுப்பா” என்று ஜெயகாந்தனிடம் கத்திவிட்டு, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி மலை ஏறத் தொடங்கினாள்.